கரை திரும்பியவரின் நாணயம்



பதினைந்து, இருபது ஆண்டுகள் சபுரில் கழித்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களுக்குப் புதுவிதமான சங்கடம் ஒன்று காத்திருக்கிறது. எவரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைத்திராத மனிதர், சிறு கடையொன்று தொடங்க எண்ணி வங்கியை நாடுகிறார். "தங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே" என்கிறார்கள். கடன்படாமல் வாழ்ந்தது ஒரு குறையா என்று அவர் மனம் நொந்து போகிறார்.

நம் குன்றக்குடிக்கு அருகிலுள்ள காரைக்குடியை எண்ணிப் பாருங்கள். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அலுவல் தொடங்கியது. கொண்டுவிற்கச் சென்றவர்களை அறிந்தவர்கள் கடலின் இரு கரைகளிலும் இருந்தார்கள். மனிதரோடு அவருடைய பெயரும் கப்பலேறி வந்தது.

இன்று பெயரைச் சுமப்பது கணினி. அதுவோ எல்லை தாண்டுவதில்லை. சவூதியில் ஸிமா, அமீரகத்தில் அல் இத்திஹாத் என நாட்டுக்கு நாடு தனித்தனி நிறுவனங்கள் கடன் விவரங்களைத் திரட்டுகின்றன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் அப்பணியைச் செய்கின்றன. துபாயில் தவணை தவறாமல் கட்டியவரும் இவற்றின் ஏடுகளில் புதியவரே.

ஆகவே, ஊர் வந்ததும் முதலில் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். இந்நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. "நான்தான் கடனே வாங்கவில்லையே, பார்க்க என்ன இருக்கிறது?" என்று இருந்துவிடாதீர்கள். பயணம் புறப்படுமுன் மீட்காமல் விட்ட நகைக்கடன், மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவை அங்கே உறங்கிக் கொண்டிருக்கலாம். அவர் தவணை தவறினால் கறை உங்கள் பெயரிலும் படியும். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அக்கடனுக்கு அபூகத்தாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஜாமீன் என்பது அத்துணைக் கனமான சொல். நாமோ தேநீர் ஆறுவதற்குள் கையெழுத்திட்டு விடுகிறோம்!

அறிக்கையில் பிழை இருந்தால் எழுதிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் திருத்தாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு உத்தரவு. வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ. கணக்கையும், நிலையாகத் திரும்பியவர்கள் தாமதமின்றி உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பெயரெடுக்க வேண்டுமா? மதிப்பெண்ணுக்காகவே வட்டிக் கடன் வாங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. கடனட்டையைப் பயன்படுத்தி, கெடுவுக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் வட்டி விழாது, பெயரும் பதிவாகும். எனினும், வட்டி நிபந்தனை அடங்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்னும் வரி மட்டும் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. மீதித் தொகைக்கு வட்டி ஏறத் தொடங்கிவிடும். 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரமும் அப்படியே. வட்டியில்லை என்பது பெயரளவுக்கே என்று 2013இல் ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டியது.

முதன்முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கலாகாது என்பதும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே. 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றத்திலும் இது எடுத்துரைக்கப்பட்டது. கிளை மேலாளரிடம் இதைப் பணிவோடு நினைவூட்டுங்கள். வெளிநாட்டுச் சம்பளச் சான்றுகள், சில ஆண்டு வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் அழகிய கடன் பெற்று ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தும் சகோதரியின் நாணயம் இந்த ஏடுகள் எதிலும் ஏறுவதில்லை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதை ஓதும் நம் ஜமாஅத்துகள் எத்தனையில் கொடுத்த தேதியும் திரும்பி வந்த தேதியும் சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்கின்றன? அத்தகைய பேரேடு ஒன்று இருந்தால், முத்தவல்லி தரும் ஒரு தாளையாவது அந்தச் சகோதரி வங்கி மேலாளரின் மேசைமீது வைக்க முடியும்.