ஹோய் ஆன்: ஆறும் கடலும் அழைக்கும் பழந்துறைமுகம்

வியட்நாம் நாட்டின் 20,000 டாங் பணத்தாளைத் திருப்பிப் பார்த்தால், கூரையுடன் கூடிய சிறிய பாலம் ஒன்று கண்ணில் படும். மத்திய வியட்நாமில், தூ போன் ஆற்றங்கரையில் அமைந்த ஹோய் ஆன் நகரின் ஜப்பானியப் பாலம் அது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அங்குக் குடியேறி வாணிகம் செய்த ஜப்பானியர் அதைக் கட்டத் தொடங்கினர். பெரும் சீரமைப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் அது மீண்டும் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒரு நாடு தன் பணத்தாளில் பொறித்துப் போற்றும் அளவுக்கு அச்சிறு நகருக்கு அமைந்த பெருமை ஆற்றால் வந்தது. 15 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் எனப் பல நாட்டு வணிகர் பட்டுக்கும் பீங்கானுக்கும் நறுமணப் பொருள்களுக்குமாக இங்கு வந்து கூடினர். பின்னர் ஆற்றில் வண்டல் படிந்து பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாமற் போயிற்று. வாணிகம் வடக்கே இருந்த டா நாங் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. வளர்ச்சி நின்றதால் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. வாணிகத்தை அழித்த அவ்வண்டலே நகரைக் காத்தது எனலாம். 1999-இல் யுனெஸ்கோ ஹோய் ஆனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பழைய வீடுகளையும் கோயில்களையும் கண்டு, படம் எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் திரும்பிவிடுவோர் பலர். மூன்று நான்கு நாள்கள் தங்குவோர்க்கு இவ்வூர் வேறு முகம் காட்டும். மிதிவண்டி, வட்டப் படகு, தீவுப் பயணம், கடலடிக் காட்சி, மலைப்பாதை என உடலுக்கு வேலை தரும் இன்பங்கள் பல உள்ளன. இன்று நமக்குப் பொழுதுபோக்காக விளங்கும் இவற்றுள் பல, அவ்வூர் மக்களின் பிழைப்பிலிருந்து பிறந்தவை. பிழைப்புக்கென நீரில் இறங்குவோர் பருவத்தையும் காற்றையும் மதித்தே இறங்குவர். நாமும் அவ்வாறு மதித்தால்தான் இன்பம் துன்பமாக மாறாது.

வயல்வெளியில் மிதிவண்டி

பழைய நகரின் தெருக்களில் நாளின் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. ஆதலின் மிதிவண்டியே இங்குச் சிறந்த வாகனம். பெரும்பாலான விடுதிகளில் இலவசமாகவோ சிறு வாடகைக்கோ கிடைக்கும். நிலம் சமதளமாக இருப்பதால், நெடுநாள் மிதிவண்டியைத் தொடாதவர்களும் அஞ்ச வேண்டியதில்லை.

வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் ட்ரா குவே என்னும் கீரைக் கிராமம் வரும். புதினா, கொத்தமல்லி, துளசி வகைகள் எனப் பாத்தி பாத்தியாகப் பச்சை விரிந்திருக்கும். நீர்நிலைகளில் வளரும் பாசியை மண்ணில் புதைத்து உரமாக்குவது இவ்வூர் மரபு. தோளில் தண்டு தாங்கி, அதன் இருபுறமும் தொங்கும் பூவாளிகளால் நீர் தெளிக்கும் உழவர்களோடு பயணிகளும் சேர்ந்து வேலை செய்து பார்க்கலாம். பறித்த கீரையை அங்கேயே சமைக்கக் கற்றுத்தரும் வகுப்புகளும் உண்டு. சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். மீன் சாறு கலவாத சமையல் அங்கு அரிது. ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2024-இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக ட்ரா குவேயைத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்து அதே பாதையில் மேலும் சற்று மிதித்தால் ஆன் பாங் கடற்கரையை அடையலாம்.

வட்டப் படகு

நகருக்குக் கிழக்கே, காம் தான் பகுதியில், உவர்நீரில் வளரும் நீப்பா என்னும் பனைவகை அடர்ந்து நிற்கிறது. போர்க்காலத்தில் போராளிகளுக்கு மறைவிடமாக இருந்த இக்காட்டின் வாய்க்கால்களில், நம் பரிசலை ஒத்த வட்டப் படகுகளில் செல்லலாம். மூங்கிலைப் பின்னி, இடுக்குகளில் சாணத்தையும் மரப்பிசினையும் பூசி மீனவர்கள் இவற்றைச் செய்து வந்தனர். பிரெஞ்சு ஆட்சியினர் படகுகளுக்கு வரி விதித்தபோது, இது படகன்று, கூடை என்று சொல்லித் தப்புவதற்காகவே இவ்வடிவம் உண்டாயிற்று என ஒரு கதை வழங்குகிறது.

ஒற்றைத் துடுப்பால் வட்டப் படகை நேராகச் செலுத்துவது எளிதன்று. துடுப்பை எட்டு வடிவில் சுழற்றினால் படகு முன்னேறும். தவறினால் நின்ற இடத்திலேயே சுற்றும். உரத்த இசைக்கு ஏற்பப் படகைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டும் வேடிக்கையும் நடைபெறுகிறது. அமைதியை விரும்புவோர் அதிகாலையில் செல்லலாம். அவ்வேளையில் நண்டு பிடிப்பதையும் வலை வீசுவதையும் ஆரவாரமின்றிக் காண இயலும். சற்றுக் கூடுதல் உழைப்பை நாடுவோர் தூ போன் ஆற்றில் கயாக் படகு செலுத்தலாம்.

தீவுகளும் பவளப் பாறைகளும்

குவா டாய் முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கடலில் அமைந்தவை சாம் தீவுகள். விரைவுப் படகில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். 2009-இல் யுனெஸ்கோ இவற்றை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அவ்வாண்டு முதலே தீவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. இத்தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிக் கிடந்த 15-ஆம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து, 1990-களின் இறுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் பொருள்கள் மீட்கப்பட்டன. ஹோய் ஆனின் பழைய வாணிகத்துக்கு அவை சான்று.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேல்நீரில் மிதந்தவாறே பவளப் பாறைகளைக் காணும் ஸ்நார்க்கெலிங், நீச்சல் ஓரளவு அறிந்த எவர்க்கும் ஏற்றது. ஆழ்நீரில் இறங்கும் ஸ்கூபாவுக்குப் பயிற்சியாளரின் துணையும் உடல்நலமும் வேண்டும். ஸ்கூபாவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானப் பயணத்தைத் தவிர்ப்பது பாதுகாப்பு. எனவே இதை ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையில் வைத்துக்கொள்ளலாகாது.

இங்கு ஒரு துயர நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில், இத்தீவுகளிலிருந்து திரும்பிய சுற்றுலாப் படகு ஒன்று குவா டாய் அருகே கவிழ்ந்து 17 பேர் உயிரிழந்தனர். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இக்கடல் அடிக்கடி கொந்தளிக்கும். அந்நாள்களில் படகுகள் நிறுத்தப்படுவதும் உண்டு. "இன்று படகு இல்லை" என்று கேட்க நேர்ந்தால், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி வேறு படகு தேட வேண்டாம். மிதவை அங்கியைக் கரையிலேயே அணிந்து, பட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்ட பின்னரே படகில் ஏறுங்கள்.

செங்கற்கோயில்களும் மலைக்கணவாயும்

ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மி சன் கோயில் தொகுதி உள்ளது. சாம் மக்களின் அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சிவபெருமானுக்கு இங்குக் கோயில் எடுத்தனர். முதற்கோயிலை எழுப்பிய பத்ரவர்மன் தன் பெயரோடு இணைத்து இறைவனைப் பத்ரேசுவரர் என அழைத்தான். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இத்தொகுதியின் தலைசிறந்த கோயில் அழிந்தது. இந்தியத் தொல்லியல் துறை இங்கு மேற்கொண்ட சீரமைப்புப் பணியின்போது, 2020-இல், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் வெளிப்பட்டது. விடியற்காலையில் சென்று, திரும்பும்போது ஆற்று வழியாகப் படகில் வரும் ஏற்பாடுகள் உண்டு. போர் நடந்த மண் ஆதலால் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகுதல் கூடாது.

டா நாங்குக்கு வடக்கே, 496 மீட்டர் உயரம் ஏறும் ஹாய் வான் கணவாய் மோட்டார் சைக்கிள் விரும்பிகளை ஈர்க்கும். மலையைக் குடைந்து 2005-இல் சுரங்கப்பாதை திறந்த பின், பழைய மலைப்பாதையில் வாகன நெரிசல் குறைந்துவிட்டது. எனினும் நம்மவர் ஒன்றை அறிதல் வேண்டும். இந்தியாவில் வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பதோ 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி அமைந்த அனுமதியை. ஆகவே வாடகைக்கு வண்டி கொடுப்போர் ஆவணம் கேளாமல் கொடுத்தாலும், நாம் ஓட்டுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் கூடும். உள்ளூர் ஓட்டுநரின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதே தக்கது. காட்சி அதே காட்சிதான்.

புறப்படுமுன்

பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை வானிலை இதமானது. மே முதல் ஆகஸ்ட் வரை வெயில் கடுமை. ஆனால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆறு தெருவுக்குள் புகுவது வழக்கம். 2025 அக்டோபர் இறுதியிலும் பெருவெள்ளம் நகரைச் சூழ்ந்தது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபா போன்ற சாகச விளையாட்டுகளுக்கும் அது பொருந்துமா எனப் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி அவை அடங்கா. உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பு குறித்து, திரும்பியதும் மறவாமல் மூடிவிடுங்கள். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா டாங்கிலா எனக் கருவி கேட்டால், டாங்கையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதுவே மலிவு.

ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்று வீதம் நாள்தோறும் மாறும். படகோட்டிக்கும் கீரைக் கடைக்கும் ரொக்கமே தேவைப்படும். பாலம் பொறித்த 20,000 டாங் தாளும், நாட்டின் மிக உயர்ந்த மதிப்புடைய 5,00,000 டாங் தாளும் நீல நிறத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் 25 மடங்கு இழப்பு. இரண்டையும் தனித்தனியே வைத்திருங்கள்.

சந்திர மாதத்தின் 14-ஆம் நாள் மாலையில் பழைய நகரின் மின்விளக்குகளைக் குறைத்து, துணி விளக்குகளை ஏற்றுவர். பயண நாள்களை அதற்கேற்ப அமைத்துக்கொண்டால், பகலெல்லாம் அலைந்த உடலுக்கு ஆற்றங்கரையில் அமைதியான ஓர் இரவு வாய்க்கும்.

இறுதியாக ஒன்று. ஹோய் ஆனின் பழைய வீடுகள் சிலவற்றில் மேல்தளத்தில் ஒரு திறப்பு உண்டு. வெள்ளம் வரும்போது சரக்குகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவதற்கான வழி அது. ஆறு என்றேனும் ஏறும் என்பதை அவ்வணிகர் வீடு கட்டும்போதே கணக்கில் கொண்டனர். குடும்ப வரவு செலவில் எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்குகிறோம். அதுபோல் இப்பயணத்திலும் ஒரு நாளை எந்தத் திட்டமும் இன்றி ஒதுக்கி வையுங்கள். கடல் மறுத்தால் தீவுப் பயணத்தை அந்நாளுக்கு மாற்றலாம். மறுக்காவிடில், மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்கு இன்னொரு முறை போகலாம்.