சரிவான முற்றமா? ஜே.சி.பி-யைக் கூப்பிடும் முன்...

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடு பள்ளம் அதிகம். பழைய ஓட்டு வீடு மேட்டில் இருக்கும், சாலை கீழே. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையிலும் முற்றத்து மண் கரைந்து சாலைக்கு ஓடிவிடும்.

பொறுமை இழப்பவர்கள் சரிவை வெட்டி, சாலையோரம் ஒரே உயரச் சுவர் எழுப்பி, முற்றம் முழுக்க சிமென்ட் கல் பதித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்! ஆனால், மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணை வெட்டினால் வீட்டுக்கே ஆபத்து.

சரிவைச் சரிவாகவே விட்டு, குறுக்கே இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரிப்பதே நல்லது. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டடி உயரத்தில், மேட்டுப் பக்கம் சற்றே சாய்ந்த கல்கட்டு போதும். சிமென்ட் பூசாத கல்லிடுக்கில் நீர் தானாகக் கசியும். சிமென்ட் சுவர்தான் வேண்டுமென்றால், பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வடியக் குழாய்த் துளைகள் விடுவது கட்டாயம். இல்லையென்றால் ஊறிய மண்ணின் பாரம் சுவரைத் தள்ளிவிடும். உயரம் கூடினால் பொறியாளரைக் கேட்காமல் கட்ட வேண்டாம்.

தட்டின் விளிம்பில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். உள்ளே இட்லிப்பூ, நந்தியாவட்டை. ஓட்டுக் கூரையை மறைக்கும் மரங்கள் முன்னால் வேண்டாம்.

படிகள் ஆறங்குல உயரம், ஓரடி அகலம், ஒரு பக்கம் கைப்பிடி. பாட்டி வீட்டைவிட்டு இறங்காததற்கு முழங்கால் மட்டுமா காரணம்? செங்குத்துப் படியும்தான்!

வேலையைத் தொடங்கும் முன், ஒரு கனமழையில் குடையோடு முற்றத்தில் நில்லுங்கள். தண்ணீர் ஓடும் தடத்தில் குச்சி நட்டு வையுங்கள். வாய்க்கால் அங்கேதான் வர வேண்டும்.