கேஷ் மெமரியும் எங்கள் காம்பவுண்டுத் தண்ணீர்த் தொட்டியும்



எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். போன லீவில் ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள்: "கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்றியே தம்பி, அப்படி என்னதான் படிக்கிற?" டேட்டாபேஸ், கேஷ் என்று ஆரம்பித்தேன். "கேஷா? அது நம்மகிட்ட எங்கடா இருக்கு!" என்று சிரித்தாள். அன்றைக்கு அவளுக்குப் புரியவைக்க நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேஷ் என்பது என்ன?

நாங்கள் இருப்பது காம்பவுண்டு வீடு. எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரே சிமெண்டுத் தொட்டி. தொட்டியில் தண்ணீர் இருந்தால் உடனே மொண்டுகொள்ளலாம். இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனை அடிபம்புக்கு நடக்க வேண்டும்.

டேட்டாபேஸும் இப்படித்தான். டேட்டா முழுவதும் டிஸ்கில் இருக்கும். அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை மட்டும் மெமரியில் எடுத்து வைத்திருக்கும். அதுதான் கேஷ். டேட்டாபேஸில் இதற்கு பஃபர் பூல் என்று பெயர். தேடிய பக்கம் அங்கே கிடைத்தால் ஹிட், கிடைக்காவிட்டால் மிஸ்.

கிளவுடில் செலவைக் குறைக்க ஒரே மெஷினில் பல கம்பெனிகளின் டேட்டாபேஸ்களைக் குடிவைக்கிறார்கள். அவர்களுக்கு டெனன்ட் என்றே பெயர். நம் பாஷையில் குடித்தனக்காரர்! மெமரி மட்டும் எல்லோருக்கும் பொது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

ஒரு சின்னக் கணக்கு

மெமரியிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க 100 நானோசெகண்ட், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க 100 மைக்ரோசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். 100 தடவை தேடினால் 99 ஹிட் என்றால் சராசரி நேரம் சுமார் 1.1 மைக்ரோசெகண்ட். அதுவே 90 ஹிட் ஆகக் குறைந்தால் சுமார் 10.1 மைக்ரோசெகண்ட். ஹிட் கொஞ்சம்தான் குறைந்தது, நேரமோ ஒன்பது மடங்கு கூடிவிட்டது! ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நம் பங்கில் கொஞ்சம் கை வைத்தாலே போதும், நாம் படுத்துவிடுவோம்.

யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

எல்.ஆர்.யூ. முறையை நாம் பாடத்திலேயே படித்திருக்கிறோம். இடம் தேவைப்பட்டால், ரொம்ப நேரமாக யாரும் தொடாத பக்கத்தை வெளியே தள்ள வேண்டும். ஆனால் அது யாருடைய பக்கம் என்று எல்.ஆர்.யூ. கேட்பதில்லை.

ஒரு சின்ன மளிகைக்கடை தினமும் அதே 100 பக்கங்களைப் பார்க்கிறது. மொத்த கேஷில் 1,000 பக்கம்தான் பிடிக்கும். பெரிய கம்பெனி ஒன்று வருடாந்திர ரிப்போர்ட்டுக்காக 10,000 பக்கங்களை ஒரே மூச்சில் படிக்கிறது. கடைக்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவருடைய 100 பக்கமும் காலி! கம்பெனிக்கோ அந்தப் பக்கங்கள் மறுபடி தேவையே இல்லை.

இதற்கு மை-எஸ்.க்யூ.எல். ஒரு வழி வைத்திருக்கிறது. புதிதாக வரும் பக்கத்தை வரிசையின் தலையில் வைக்காமல், வால் பக்கமிருந்து எட்டில் மூன்று பங்கு தூரத்தில் நுழைக்கிறது. மறுபடி யாரும் கேட்காத பக்கம் சீக்கிரம் வெளியேறிவிடும். போஸ்ட்கிரெஸ் பெரிய டேபிளை முழுதாகப் படிக்கும்போது ஒரு சின்ன வளையத்துக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்கிறது. நல்ல வழிகள்தான். ஆனால் பெரிய ஆள் தன் பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இவை சின்ன ஆளைக் காப்பாற்றாது.

சமமாகப் பிரித்தால்?

எட்டில் ஒரு பங்கு என்று கோடு போட்டுவிடலாமே? எங்கள் காம்பவுண்டில் ஒருமுறை அப்படியும் செய்து பார்த்தார்கள். மூணாம் வீட்டு அக்கா குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். அவள் பங்குத் தண்ணீர் பாசி பிடித்தது, எங்கம்மா அடிபம்புக்கு நடந்தாள். கேஷிலும் அதே கதைதான். சமம் என்பது வேறு, நியாயம் என்பது வேறு.

அளந்து பார்ப்பது

2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் இவ்வளவு மெமரி என்று வாக்குக் கொடு. யாரும் உபயோகிக்காததை மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் 'வாக்குக் கொடுத்த மெமரி முழுவதும் கையில் இருந்திருந்தால் இவருக்கு எத்தனை ஹிட் கிடைத்திருக்கும்?' என்று பக்கத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையான ஹிட் அதைவிடக் குறைந்தால், வாக்கு மீறப்பட்டது என்று அர்த்தம். பழியை ஊகிக்க வேண்டாம், எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஏமாற்றினால்?

இரண்டு வீடு காசு போட்டு லாரித் தண்ணீர் வாங்குகிறது. மூன்றாவது வீடு "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி வந்து மொண்டுகொள்கிறது! பல பேர் ஒரே ஃபைலைப் பங்குபோடும் கேஷிலும் இது நடக்கும். 2016-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஃபேர்ரைட் என்ற முறையில் இதற்கு மருந்து சொன்னார்கள். பங்கு கொடுக்காதவர் கேட்டால், ஃபைல் கேஷிலேயே இருந்தாலும் சில தடவை காக்க வைத்துவிடுவது!

அவர்கள் இன்னொன்றையும் நிரூபித்தார்கள். தனியாக இருந்தால் கிடைப்பதைவிட யாருக்கும் குறையக்கூடாது. பொய் சொல்லி லாபம் பார்க்க முடியக்கூடாது. இடம் வீணாகக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துத் தரும் முறை எதுவுமே கிடையாது! ஃபேர்ரைட் மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முதல் இரண்டைக் காப்பாற்றுகிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "தொட்டியடியில சண்டையாவது போடலாம். அங்க பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னே தெரியாதே! அப்ப எங்க பங்கு எங்களுக்கு வந்துச்சான்னு யாரு அளந்து சொல்றது?"

பள்ளிக்கூடம் போகாத என் அம்மா கேட்ட கேள்வி இது. மளிகைக்கடைக்காரருக்கு கேஷ் தெரியாது, ஹிட் தெரியாது. "மெஷின் ஸ்லோ" என்று தலையில் கை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்காக அளக்கும் புரோகிராமை நாளைக்கு எழுதப்போவது நம்மில் ஒருவராகவும் இருக்கலாம் நண்பர்களே. அப்போது தொட்டியடியில் கடைசியாக நிற்கும் குடத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்வோம்!

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை