கூட்டைப் பார்த்து மாப்பிள்ளை தேடும் குருவி!

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது நம் வழக்கம். தூக்கணாங்குருவிக் கூட்டத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே பெண்தான் மாப்பிள்ளை பார்க்க வருகிறது! மாப்பிள்ளை கட்டிய வீட்டையும் உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கிறது. அதன் பிறகே சம்மதம் தெரிவிக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் முகையூர் பக்கம் போகிறவர்கள் வயலோரத்துப் பனை மரங்களை அண்ணாந்து பார்க்கட்டும். ஓலைகளில் சுரைக்குடுக்கை போல ஏதாவது தொங்கினால், அதுதான் தூக்கணாங்குருவிக் கூடு. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப் போய், தன் வீட்டை இழந்த குருவியின் கதை நமக்குத் தெரியும். அந்தக் குருவிதான் இது.

மஞ்சள் தலை மாப்பிள்ளை

மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சிட்டுக்குருவி போலத்தான் இருக்கும். மழைக்காலம் வந்தால் ஆணுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். உச்சந்தலையும் மார்பும் மஞ்சள் நிறமாகும். உடனே அது வேலையில் இறங்கும். நெல் இலையையும் பனை ஓலையையும் அலகால் நாராகக் கிழித்து வரும், முடிச்சுப் போடும், பின்னும். ஒரு கூடு முடிய சுமார் 18 நாட்கள் ஆகும். நார் கொண்டு வருவதற்கு மட்டும் நூற்றுக்கணக்கான தடவை பறக்க வேண்டும்.

ஆனால் ஆண் குருவி முழு வீட்டையும் ஒரே மூச்சில் கட்டுவதில்லை. கவிழ்த்த குல்லாய் போலப் பாதி கட்டியதும் நிறுத்தும். பெண் குருவிகள் வரும்போது கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கூவும். பெண் குருவி உள்ளே போய்ப் பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் பறந்துவிடும். பிடித்துவிட்டால் அங்கேயே தங்கும். அதன் பிறகுதான் ஆண் மிச்ச வேலையைச் செய்து, நீண்ட வாசற்குழாயையும் பின்னி முடிக்கும்.

பறவை அறிஞர் சலீம் அலி 1930-ல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் இந்தக் குருவிகளைக் கவனித்து, இவற்றின் இல்லறத்தைப் பற்றி விரிவாக எழுதினார்.

பெண் குருவி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? சுஹேல் காதர் என்ற ஆராய்ச்சியாளர் 2006-ல் இதற்கு விடை கூறினார். பின்னலின் அழகைவிட, கூடு தொங்கும் இடமே அதற்கு முக்கியமாம்! குஞ்சுகள் பத்திரமாக வளர வேண்டும் அல்லவா?

பண்டிதர்கள் நம்பவில்லை

பெண் மயில்களின் விருப்பத்தால்தான் தலைமுறை தலைமுறையாக ஆண் மயிலின் தோகை அழகு பெற்றது என்று 1871-ல் சார்லஸ் டார்வின் எழுதினார். அக்காலப் பண்டிதர்கள் பலர் ஒப்பவில்லை. டார்வினின் நண்பரான விஞ்ஞானி வாலசும் ஏற்கவில்லை. பெண் தேர்ந்தெடுக்கும் என்பதை விஞ்ஞான உலகம் ஒப்புக்கொள்ள வெகு காலம் ஆயிற்று. இன்று பறவை, மீன், பூச்சி என்று பல உயிர்களிடம் இது காணப்பட்டுள்ளது.

நம் வீட்டில் எப்படி?

காளையை அடக்கிய வாலிபனுக்கே ஆயர் குலப்பெண் மாலையிட்டதைக் கலித்தொகை சொல்கிறது. இன்றோ பல வீடுகளில் ஜாதகம் பார்த்து, சவரன் பேசி, நாளும் குறித்தாகிவிடும். காப்பித் தட்டுடன் வந்து நிற்கும் பெண்ணிடம், "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பது கடைசியில்தான். சில வீடுகளில் அதுவும் இல்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பலவந்தத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெற்று நடந்த மணத்தை ரத்து செய்யக் கோர, 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இடம் தருகிறது. வரதட்சணையை 1961-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆக்கப்பட்டது. அதில் மணமகனும் மணமகளும், ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த மொழியில் கூறி மணந்துகொள்ளலாம். பெண்ணும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதே இதில் விசேஷம்.

குருவியின் குடித்தனம் முழுவதையும் நாம் பின்பற்ற முடியாது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூடு கட்டி அடுத்த பெண்ணை அழைக்கப் போய்விடுமே! நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்தக் கூட்டில் வாழப் போகிற பெண், வேண்டாம் என்று பறந்து போகலாம். யாரும் அதைத் தடுப்பதில்லை.

பெற்றோர் விசாரிக்கட்டும், நல்லது கெட்டது எடுத்துச் சொல்லட்டும். அவர்கள் அனுபவம் பிள்ளைகளுக்குத் துணை. ஆனால் தட்டு மாற்றுவதற்கு முன்னால் மகளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் கோபிக்காமல் காரணம் கேளுங்கள். பேசாமல் நின்றால், மௌனம் சம்மதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு நாள் பொறுத்து, மறுபடியும் கேளுங்கள்.