பௌர்ணமி வாரம், பாரம் குறைப்போம்!

ரமணாசிரமம் பக்கம் ஜிம்முக்குப் போகும் நான், "கேப் விட்டா பாடி போயிடும்டா" என்று மூன்று மாதம் வாராவாரம் வெயிட் ஏற்றினேன். தோள் பிடித்தது, பிராக்டிகல் பரீட்சையில் ஃபைல் தேய்க்கக்கூட முடியவில்லை!

தசை சீக்கிரம் பலப்படும். அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் பலப்படும். அதற்கு அவகாசம் வேண்டாமா? வேலூர் சதீஷ் சிவலிங்கமே 194 கிலோ முயன்று தொடையில் காயம்பட்டவர். 2018 காமன்வெல்த்தில் தங்கம் வென்றபோது தூக்கியது மொத்தம் 317 கிலோ. 2014-ல் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு!

நாலு வாரத்துக்கொருமுறை வரும் பௌர்ணமிதான் இப்போது என் காலண்டர். அந்த வாரம் செட் பாதி, வெயிட்டில் மூன்றில் ஒரு பங்கு கட். அடியோடு நிறுத்துவதில்லை. சாப்பாடும் தூக்கமும் முழுசு. கிரிவலம் 14 கிலோமீட்டர் நிதான நடை. அடுத்த வாரம் பழைய வெயிட் லேசாகிவிடுகிறது.

ஓய்வும் பயிற்சிதான், தோழர்களே!