மழைக்காற்றில் எந்தச் சக்கரம்?

நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் கடற்கரை, டிரையத்லான் போட்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். தோட்டப்புற மாணவர் ஒருவர் இதில் இறங்க நினைத்தால், முதலில் மலைக்க வைப்பது கார்பன் சக்கரங்களின் விலைதான். காற்றும் மழையும் சேர்ந்த நாளில் அவை உண்மையிலேயே தேவையா? இயற்பியலைக் கேட்போம்.

ஆழமான ரிம் எதற்கு?

சமதளச் சாலையில் வேகமாகச் செல்பவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றுத் தடையை எதிர்க்கவே செலவாகிறது. டயரிலிருந்து அச்சை நோக்கி 60 அல்லது 80 மில்லிமீட்டர் வரை நீளும் ஆழமான ரிம்மைச் சுற்றிக் காற்று வழுக்கிச் செல்லும். அதனால் தடை சற்றுக் குறையும்.

ஆனால் பக்கக் காற்று வீசும்போது அதே ரிம் ஒரு பாய்மரம் ஆகிவிடுகிறது. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தால் கணக்கிட்டுப் பாருங்கள். 30 மில்லிமீட்டர் ரிம்மைவிட 80 மில்லிமீட்டர் ரிம்மின் பக்கப் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மேலும், காற்றின் வேகம் இரு மடங்கானால், நிற்கும் பொருளை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்திரா' எனப்படும் திடீர்ப் புயல்மழை, மலாக்கா நீரிணையைக் கடந்து அதிகாலையிலும் காலையிலும் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. டிரையத்லான் போட்டிகள் தொடங்குவதும் காலையில்தான். செம்பனை மரங்கள் காற்றை மறைக்கும் சாலையில் சென்றுகொண்டிருப்பவர், மர வரிசை முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் முழுக் காற்றையும் ஒரே நொடியில் சந்திக்கிறார்.

முன்சக்கரமே முக்கியம்

பின்சக்கரம் சட்டத்தோடு நேராகப் பிணைந்தது. உடல் எடையிலும் பெரும்பங்கைத் தாங்குகிறது. காற்று தள்ளினாலும் அது திசை மாறாது. முன்சக்கரமோ ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பக்கூடியது. அதன் மீது படும் காற்று ஹேண்டிலையே திருப்பும் முறுக்கு விசையைத் தருகிறது. டிரையத்லான் வீரர் கைகளை நடுவே நெருக்கி வைத்துக் குனிந்து ஓட்டுவதால், அதை எதிர்க்கும் நெம்புகோல் தூரமும் குறைவு.

ஹவாய்த் தீவின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில், முழுவதும் மூடிய தட்டுச் சக்கரங்களுக்கு நீண்ட காலம் தடை இருந்துள்ளது. அங்கே எரிமலைப் பாறை வெளிகளில் பலத்த பக்கக் காற்று வீசுவதே காரணம்.

ஈரச் சாலையில்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக், முதலில் அதன் மேலுள்ள நீர்ப்படலத்தைத் துடைத்தாக வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். பிரேக் ஒரு நொடி தாமதமாகப் பிடித்தால் 10 மீட்டர் கைவிட்டுப் போகும். ஈரத்தில் கார்பன் ரிம்மைவிட அலுமினிய ரிம் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க் பிரேக் இன்னும் நம்பகமானது.

கார்களைப் போல சைக்கிள் டயரும் நீரின் மேல் மிதந்து வழுக்குமா? விமான டயர்களை ஆராய்ந்து நாசா வகுத்த சூத்திரப்படி, 80 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மிதக்க மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆகவே அந்த அச்சம் வேண்டாம். உண்மையான ஆபத்து உராய்வு குறைவதுதான். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, செம்பனை லாரிகள் விட்டுச் சென்ற சேறு ஆகியவற்றின் மேல் சாய்ந்து திரும்பக் கூடாது. சற்று அகலமான, 28 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், அது சாலையோடு நன்கு ஒட்டி ஓடும்.

ஆக, மாணவர்களே, அத்தகைய நாளில் முன்னால் 30 முதல் 40 மில்லிமீட்டர் ரிம் போதும். பின்னால் ஆழமான ரிம் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் கவலை இல்லை. கைகளைத் தளர்த்தி நேராக ஓட்ட முடியாத சக்கரம் எவ்வளவு விலையானாலும் வேகம் தராது. காற்றுக்குப் பயந்து அடிக்கடி பிரேக் பிடிப்பவரை, சாதாரண அலுமினியச் சக்கரத்தில் சீராக மிதிப்பவர் முந்திவிடுவார்.