பட்டிப்பூவிலிருந்து புற்றுநோய் மருந்து: தாவரச் சேர்வைகளைப் பிரித்தெடுத்தலும் பரிசோதித்தலும்

மாணவர்களே, தாவரமொன்றிலிருந்து மருந்து பெறப்படும் படிமுறைகளை விளக்குமாறு கேட்டால், "இலையிலிருந்து சாறு எடுத்தனர், அது நோயைக் குணப்படுத்தியது" என்று இரண்டு வசனங்களில் விடையை முடித்துவிடுவோர் பலர். அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் பல வருட உழைப்பு இருக்கின்றது. அதனை நாம் நன்கறிந்த பட்டிப்பூவை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

நித்தியகல்யாணி எனவும் அழைக்கப்படும் பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார் தீவாகும். இன்று வெப்பவலய நாடுகள் பலவற்றிலும் வளர்கின்றது. எமது வீட்டு முற்றங்களிலும் இதனைக் காணலாம்.

1. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று

ஜமேக்கா மக்கள் இதன் இலைகளை அவித்து நீரிழிவு நோய்க்குக் குடித்து வந்தனர். 1952இல் அங்கிருந்து சில இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். குருதியின் வெல்ல மட்டம் குறையவில்லை. பின்னர் சாற்றை ஊசிமூலம் குருதியில் செலுத்தியபோது, எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றினால் இறந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது வெண்குருதிக் கலங்கள் பெருமளவு குறைந்திருந்தமை தெரியவந்தது.

வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே குருதிப் புற்றுநோயாகும். எனவே, எலிகளைக் கொன்ற அதே விளைவு இந்நோயாளருக்குப் பயன்படலாம் அல்லவா? ஆய்வின் திசை இங்கேதான் மாறியது.

2. பிரித்தெடுத்தல்

ஓர் இலையில் நூற்றுக்கணக்கான சேர்வைகள் உள்ளன. அவற்றுள் தொழிற்படுவது எது எனக் கண்டறியும் பொதுவான படிமுறை வருமாறு:

(அ) இலைகளை உலர்த்தித் தூளாக்கல்.
(ஆ) பொருத்தமான கரைப்பானில் ஊறவைத்துச் சாறு பெறல்.
(இ) சாற்றை வெவ்வேறு பகுதிகளாகப் பிரித்தல். அல்கலோயிட்டுகள் மூல இயல்புடையவை. ஆகவே அமில நீரில் கரைத்து ஏனையவற்றிலிருந்து அவற்றை வேறாக்கலாம்.
(ஈ) நிறப்பதிவியல் மூலம் மேலும் பிரித்தல். நிரலொன்றினூடாகக் கலவை செல்லும்போது ஒவ்வொரு சேர்வையும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் அவை தனித்தனியே வெளியேறும்.
(உ) ஒவ்வொரு பகுதியையும் உயிரியற் சோதனைக்கு உட்படுத்தல். விளைவு எப்பகுதியில் தென்படுகின்றதோ அதனையே மீண்டும் பிரித்தல்.

இறுதிப் படியே திறவுகோலாகும். 1954இல் நோபிளுடன் இணைந்த இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர், வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் பகுதியைப் பின்தொடர்ந்து சென்று வின்பிளாஸ்ரின் என்னும் தூய சேர்வையைப் பெற்றார். இது 1958இல் அறிவிக்கப்பட்டது. இதே காலத்தில் அமெரிக்காவின் ஈலாய் லில்லி நிறுவனத்தினரும் இத்தாவரத்தை ஆராய்ந்தனர். அதன் சாறு குருதிப் புற்றுநோயுள்ள சுண்டெலிகளின் ஆயுளை நீடித்தது. அவர்கள் பின்னர் வின்கிறிஸ்ரின் என்னும் சேர்வையையும் பிரித்தெடுத்தனர். இது 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

3. பரிசோதித்தல்

ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களை ஒரு பொருள் கொன்றுவிட்டால் அது மருந்தாகிவிடுமா? இல்லை. சவர்க்கார நீரை ஊற்றினாலும் அக்கலங்கள் இறக்கும். கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எவ்வளவு சிறிய அளவில் கொல்கின்றது? சாதாரண கலங்களை எவ்வளவு பாதிக்கின்றது? எவ்வாறு தொழிற்படுகின்றது?

வின்பிளாஸ்ரினும் வின்கிறிஸ்ரினும் தியூபியூலின் என்னும் புரதத்துடன் இணைகின்றன. இதனால் நுண்புன்குழாய்கள் உருவாவதில்லை. கதிர் தோன்றாமையால் இழையுருப்பிரிவு அனுவவத்தையில் தடைப்பட, கலம் இறக்கின்றது. விரைவாகப் பிரிவடையும் என்பு மச்சை, மயிர்ப்புடைப்பு என்பவற்றின் கலங்களும் பாதிப்படையலாம். முடி உதிர்வதற்கு இதுவே காரணம்.

கலச் சோதனையின் பின் விலங்குச் சோதனையும், அதன்பின் மனிதரில் மூன்று கட்டச் சோதனைகளும் இடம்பெறும். முதற் கட்டத்தில் பாதுகாப்பான அளவும், இரண்டாவதில் பயனும், மூன்றாவதில் வழக்கிலுள்ள சிகிச்சையுடனான ஒப்பீடும் ஆராயப்படும். பெரும்பாலான சேர்வைகள் இவ்வழியில் இடைநடுவே கைவிடப்படுகின்றன.

4. கஷாயம் ஏன் மருந்தாகாது?

ஒரு கிராம் வின்பிளாஸ்ரினைப் பெற 500 கிலோகிராமுக்கும் அதிகமான உலர்ந்த இலைகள் தேவை. ஒரு கிராம் வின்கிறிஸ்ரினுக்கு ஏறத்தாழ 2000 கிலோகிராம் தேவை. இதனாலேயே 2022இல் மதுவக் கலங்களின் உதவியுடன் வின்பிளாஸ்ரினை உருவாக்கும் முறையொன்று வெளியிடப்பட்டது. மருத்துவர் இம்மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தினுள் செலுத்துகின்றார். தவறுதலாக முள்ளந்தண்டுப் பாய்பொருளினுள் செலுத்தினால் உயிராபத்து நேரும்.

பட்டிப்பூ இலையை வீட்டில் அவித்துக் குடிப்பவருக்கு இந்த அளவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இலையிலுள்ள நச்சுச் சேர்வைகள் மட்டும் உடலினுள் செல்லும். வின்கிறிஸ்ரினை ஏனைய மருந்துகளுடன் சேர்த்து முறையாகப் பெற்ற பிள்ளைகள் பலர் குருதிப் புற்றுநோயிலிருந்து மீண்டுள்ளனர். கஷாயத்தை நம்பிச் சிகிச்சையைப் பிற்போடுபவர் அந்த வாய்ப்பை இழக்கின்றார். அயலில் யாராவது அவ்வாறு கூறினால், இதனை எடுத்துச் சொல்லும் அறிவு உங்களிடம் இருக்கவேண்டும். புள்ளிகளிலும் பெரிய பயன் அதுவே.

மீட்டல் வினாக்கள்

1. எலிகள் இறந்தமை புற்றுநோய் மருந்தைத் தேட வழிகாட்டியது எவ்வாறு?
2. ஒவ்வொரு பிரிப்பின் பின்னரும் உயிரியற் சோதனை செய்யப்படுவது ஏன்?
3. "கலங்களைக் கொல்லும் பொருள்கள் யாவும் மருந்தல்ல." காரணம் தந்து விளக்குக.